ஆலங்குடா: முதல் 72 மணித்தியாலங்கள்

பாலாவிச் சந்தியில் பிரிந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதியில் பயணம் செய்தவர்களுக்கு ஆலங்குடா என்ற பெயர் புதிதாக இராது. ஒருபுறம் புத்தளம் களப்பு, மறுபுறம் பெருங்கடல், இடையே மணலும் தென்னையும் வெங்காயத் தோட்டங்களும். இன்று உல்லாச விடுதிகளாலும் டொல்பின் பார்க்க வருவோராலும் அறியப்படும் இந்தக் கரை, 1990 ஆம் ஆண்டின் இறுதியில் அகதிகளின் கரையாக இருந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். சில வாரங்களில் ஆலங்குடாவின் தென்னந்தோப்புகளுக்கிடையே கிடுகுக் குடில்கள் வரிசையாக எழுந்தன. சில மாதங்களுக்கென்று போடப்பட்ட அக்குடில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது.

இவ்வெளியேற்றத்தின் வரலாறு பெருமளவு எழுதப்பட்டுவிட்டது. காலஞ்சென்ற பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் இழந்த வீடுகளையும் காணிகளையும் கடைகளையும் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். பிரஜைகள் ஆணைக்குழு ஒன்றின் விரிவான அறிக்கையும் 2011 இல் வெளிவந்தது. எனினும் முதற்பத்து ஆண்டுகளின் ஆவணங்களைப் புரட்டினால் அவை பெரும்பாலும் சொத்திழப்பின் வரலாறாகவே இருக்கக் காண்கிறோம். பெண்கள் அங்கே குடும்ப அட்டையின் அங்கத்தவர் தொகையில் அடங்கிவிடுகிறார்கள்.

செய்தியாளனாக அக்கரைக்குச் சென்ற நாட்களில் என் கண்ணில் முதலிற் பட்டது முகாமின் அமைப்புத்தான். கதவுக்குப் பதிலாகப் படல். பூட்டு இல்லை. மலசலகூடங்கள் குடில்களுக்கு எட்டத்தில், விளக்கு எதுவுமின்றி. குளிப்பதற்கும் குடிப்பதற்கும் ஒரே கிணற்றடி. ஊரில் வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத பெண்கள், விடியுமுன்னர் அறிமுகமற்றவர்களின் வெங்காய, மிளகாய்த் தோட்டங்களுக்குக் கூலிக்குச் சென்றார்கள். உதவி நிறுவனங்களின் வாகனங்களில் கூரைத்தகடு வந்தது, பால்மா வந்தது, உலர் உணவு அட்டைக்குரிய அரிசி வந்தது. ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் அகதிப் பெண்களின் பாதுகாப்புப் பற்றிய வழிகாட்டியை 1991 இல்தான் வெளியிட்டது. பாலியல் வன்முறைக்கென்றே தனி வழிகாட்டி வந்தது 1995 இல். மலசலகூடம் எங்கே அமைய வேண்டும், வெளிச்சம் எங்கே வேண்டும் என்பதெல்லாம் ஒரு பெண்ணின் பாதுகாப்போடு தொடர்புடையவை என்று எழுத்தில் வருவதற்கு முன்னரே ஆலங்குடாக் குடில்கள் கட்டி முடிந்துவிட்டன.

அவ்வாறான குடிலொன்றில் வாழும் பெண்ணுக்கு இரவில் அநீதி இழைக்கப்பட்டால் விடிந்ததும் அவள் யாரிடம் போய்ச் சொல்லுவாள்? சொல்லக் கேட்ட அந்த முதல் ஆள் என்ன செய்ய வேண்டும்? இக்கேள்விக்கு உலகம் விடை தேடத் தொடங்கி அப்போது இருபது ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

நமது அயலில் அத்தேடல் பங்களாதேஷிலிருந்து தொடங்குகிறது. 1971 ஆம் ஆண்டுப் போரில் பாகிஸ்தானிய இராணுவத்தினராலும் அதன் துணைப்படைகளாலும் வல்லுறவுக்குள்ளாக்கப்பட்ட பெண்களுக்குப் புதிய அரசு ‘வீராங்கனை’ என்று பெயர் சூட்டியது. வங்காளத்தில் உச்சரிப்பு வேறு, சொல் நமது சொல்தான். 1972 இல் புனர்வாழ்வுச் சபை அமைக்கப்பட்டது. மருத்துவ உதவி, தொழிற்பயிற்சி, திருமணம் செய்து வைத்தல் என்று திட்டங்கள் வந்தன. நோக்கம் நல்லதே. ஆனால் அப்பெண்களை வெளியே தெரியாமல் காக்க வேண்டிய வேளையில் அந்தப் பட்டமே அவர்களை அடையாளம் காட்டிக் கொடுத்தது. ஊரில் ‘வீராங்கனை’ வசைச்சொல்லாயிற்று. முகத்தைத் தன் கூந்தலாலேயே மறைத்துக்கொண்ட பெண்ணொருத்தியை நைப் உத்தீன் அஹமட் எடுத்த புகைப்படம் உலகெங்கும் அறியப்பட்டது. அப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம், மறைத்திருப்பது முகத்தை மட்டுமா என்று எண்ணுவேன். அரசு அவர்களை விடுதலைப் போராளிகளாக ஏற்று உரிமைகள் வழங்கத் தொடங்கியது 2015 இல். பலர் அதற்குள் மறைந்துவிட்டனர்.

டாக்காவில் புனர்வாழ்வுச் சபை அமைக்கப்பட்ட அதே 1972 இல், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் இரண்டு பெண்கள் வேறு வழியில் இறங்கினார்கள். ஒருவர் உளமருத்துவத் தாதியான ஆன் பேர்ஜஸ், மற்றவர் சமூகவியலாளரான லிண்டா ஹோம்ஸ்ற்றம். வல்லுறவுக்குள்ளான ஒருவர் பொஸ்ரன் மாநகர வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் எந்த நேரமானாலும் தங்களுக்கு அறிவிக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். நடுநிசியிலும் சென்றார்கள். ஓராண்டில் 146 பேரைச் சந்தித்தார்கள், அவர்களில் 92 பேர் வயது வந்த பெண்கள். பின்னர் தொலைபேசி மூலம் தொடர்ந்து பேசினார்கள். 1974 இல் வெளியான அவர்களது கட்டுரையே இத்துறையின் தொடக்கப் புள்ளி எனலாம்.

அக்கட்டுரையில் பத்திரிகையாளரும் பொலிஸாரும் நீதிமன்றத்தாரும் படித்திருக்க வேண்டிய ஓர் அவதானிப்பு உண்டு. வந்தவர்களில் ஒரு பகுதியினர் அழுதார்கள், நடுங்கினார்கள். ஏறக்குறைய அதே தொகையினர் எந்த உணர்ச்சியையும் காட்டாமல் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அழாத பெண் பொய் சொல்கிறாள் என்பது நம்மூரிலும் உள்ள எண்ணம். ‘ஏன் கத்தவில்லை?’ என்ற கேள்வியும் அவ்வாறே. ஸ்ரொக்ஹோம் நகரில் 298 பெண்களிடம் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வொன்றில், நூற்றுக்கு 70 பேர் தாக்குதலின்போது உடல் விறைத்து அசைய முடியாத நிலைக்குள்ளானதாகத் தெரியவந்தது. கத்தாமை சம்மதமல்ல, உடலின் செயல். இதில் இலங்கைச் சட்டம் விஞ்ஞானத்தை முந்திக்கொண்டது: 1995 இல் தண்டனைச் சட்டக்கோவைக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம், எதிர்த்ததற்கான உடற்காயம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று தெளிவாகக் கூறிற்று. சட்டம் திருந்தியது. விசாரிப்போரின் நாக்குத் திருந்துவதற்கு இன்னும் காலம் எடுத்தது.

நமது நாட்டில் இப்பணி எங்கே தொடங்கியது என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் நோக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்களுக்குச் சட்ட உதவியும் உளவளத்துணையும் வழங்கும் ‘விமென் இன் நீட்’ 1987 இல் கொழும்பில் தோன்றியது. யாழ்ப்பாணத்தில் உளவளத்துணைக்கான சாந்திகம் தோன்றியதும் 1987 இலேயே. அவ்வாண்டின் ஒக்ரோபரில் இந்தியப் படையினருக்கும் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. இந்தியப் படையினரால் வல்லுறவுக்குள்ளாக்கப்பட்ட பெண்களைத் தேடிச் சென்று, அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவர் யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளர் டொக்டர் ராஜினி திராணகம. ‘முறிந்த பனை’ நூலில் பெண்கள் பற்றிய அவரது அத்தியாயத்தைப் படித்தவர்கள் அறிவர்: அதில் வரும் பெண்கள் வழக்கின் சாட்சிகளாக நடத்தப்படவில்லை. வீட்டார் என்ன சொன்னார்கள், அயலார் எப்படிப் பார்த்தார்கள், அடுத்த நாள் எவ்வாறு விடிந்தது என்பதெல்லாம் அங்கே இடம்பெறுகின்றன. போக்கிடமற்ற பெண்களுக்காக யாழ்ப்பாணத்தில் ‘பூரணி’ இல்லம் உருவானபோதும் அவர் அதில் பங்கெடுத்தார். 1989 செப்ரெம்பர் 21 ஆம் திகதி ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். ஆக, வடக்கில் அரும்பிய அனுபவம் எதுவும் வடக்கின் பெண்களோடு புத்தளத்துக்கு வந்து சேரவில்லை.

அதே நூலின் ஆசிரியர் நால்வருள் மற்றொருவர் உளமருத்துவர் தயா சோமசுந்தரம். போர்க்கால யாழ்ப்பாணத்தில் அவரும் சகாக்களும் செய்த பணியில் எனக்குப் பிடித்த அம்சம், மேல்நாட்டு முறைகளை அப்படியே கொட்டாமல் மக்களிடம் ஏற்கெனவே இருந்தவற்றைக் கையில் எடுத்ததுதான். மனம் பதறும் ஒருவருக்கு ஆறுதற் பயிற்சியாக, சைவருக்கு மந்திர உச்சாடனம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிமுக்குத் திக்ர் என்று அவரவர் வழக்கத்திலிருந்தே தொடங்கினார்கள். பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே வீதியில் நிற்கும் கற்பிட்டித் தீபகற்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை.

ஆலங்குடாவில் அகதிகள் வாழ்ந்த அதே ஆண்டுகளில் வேறு அகதிகளிடையே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1993 இல் கென்யாவின் சோமாலிய அகதி முகாம்களில், விறகு பொறுக்கச் சென்ற பெண்கள் தாக்கப்படுவது வெளியே தெரியவந்ததும் உயர்ஸ்தானிகராலயம் அவர்களுக்கெனத் தனித் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அதே ஆண்டில் பொஸ்னியாவின் செனிற்சா நகரில், ஜேர்மனியிலிருந்து வந்த மகப்பேற்று மருத்துவர் மொனிக்கா ஹவுசர் அந்நாட்டுப் பெண்களுடன் சேர்ந்து ‘மெடிக்கா’ நிலையத்தைத் திறந்தார். மருத்துவமும் உளவளத்துணையும் தங்குமிடமும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஒரு பெண் நான்கு வாசல்களில் நின்று நான்கு தடவை தன் கதையைச் சொல்ல வேண்டிய நிலையை மாற்றியதே அதன் பெருங்காரியம் என்பது என் கணிப்பு.

மதத் தலைவர் ஒருவரின் சொல்லுக்கு உள்ள ஆற்றலுக்குப் பிற்கால உதாரணம் ஈராக்கின் யஸீதிகள். ஐ.எஸ். இயக்கத்தினர் 2014 இல் ஆயிரக்கணக்கான யஸீதிப் பெண்களைக் கடத்தினர். மீண்டு வந்தவர்களைச் சமூகம் தள்ளி வைத்துவிடுமோ என்ற அச்சம் நிலவியபோது, அவர்களது ஆன்மீகத் தலைவரான பாபா ஷேக், இப்பெண்கள் தூய்மையானவர்கள், மரியாதையோடு வரவேற்கப்பட வேண்டியவர்கள் என்று அறிவித்தார். நீண்டகாலப் பழக்கத்தை ஓர் அறிவிப்பு அசைத்தது. ஆனால் வல்லுறவினாற் பிறந்த குழந்தைகளுக்கு அந்த வரவேற்பு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். விரைவான உதவி என்றால் விரைந்து சென்று வாயைக் கிளறுவது என்று ஒரு காலத்தில் உலகமே கருதிற்று. 1983 இல் ஜெஃப்ரி மிற்செல் என்ற அமெரிக்கர், தீயணைப்பு வீரர்கள் போன்றோருக்காக ஒரு முறையை வகுத்தார். அதிர்ச்சி நேர்ந்த சில நாட்களுக்குள் அமர்த்திப் பேச வைக்கும் முறை அது. பின்னர் அது கண்டவர்க்கெல்லாம் பிரயோகிக்கப்பட்டது. ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு, அவ்வாறான ஒற்றை அமர்வு நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கேடும் செய்யலாம் என்று 2002 இல் கூறியது. அதற்குப் பின்னரும், 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையை அடுத்து, மொழி தெரியாத வெளிநாட்டுக் குழுக்கள் நமது கிழக்கு, தெற்குக் கரைகளில் வந்திறங்கி, பிள்ளைகளிடம் படம் வரையச் சொல்லியும் தாய்மாரிடம் ‘நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று கேட்டும் திரிந்ததை மறந்துவிட முடியாது. ஒலிவாங்கி நீட்டிய எங்கள் தொழிலாரும் அவ்வரிசையில் இருந்தார்கள்.

அப்படியாயின் என்னதான் செய்வது? அமெரிக்காவில் பாபரா ரொத்பாமும் எட்னா ஃபோவாவும் சகாக்களும் 1992 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. வல்லுறவுக்குள்ளான 95 பெண்களை அவர்கள் வாராவாரம் சந்தித்தார்கள். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் நூற்றுக்கு 94 பேரிடம் தூக்கமின்மை, திடுக்கிடுதல், நடந்தது மீண்டும் மீண்டும் கண்முன் வருதல் போன்ற மனவடுவின் குறிகள் இருந்தன. மூன்று மாதத்தில் அது 47 ஆகக் குறைந்தது. முதல் வாரத் துயரம் நோயல்ல, பெரும்பாலும் இயல்பான எதிர்வினை என்பது இதன் ஒரு பாதி. ஏறக்குறைய சரிபாதிப் பேருக்கு அது தானாக ஆறுவதில்லை, அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும் என்பது மறு பாதி. நமது சமூகங்கள் முதல் வாரத்தில் பெண்ணைச் சுற்றி நின்று கேள்வி கேட்கின்றன, மூன்றாவது மாதத்தில் ‘இன்னுமா அதை நினைக்கிறாய்?’ என்று கடிந்துகொள்கின்றன. நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறு.

உலக சுகாதார ஸ்தாபனம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டல்கள் முதல்நிலை ஆதரவாகக் கேட்பது மிகச் சாதாரணமானது: தனியிடத்தில் அமர்த்திக் கேள், வற்புறுத்தாதே, அவளுக்கு இப்போது என்ன வேண்டும் என்று விசாரி, நம்புகிறேன் என்று சொல், இன்றிரவு அவள் பாதுகாப்பாக இருப்பாளா என்று பார், அடுத்த உதவியோடு இணைத்து விடு. இதற்குப் பட்டம் தேவையில்லை. ஒரு குடும்பநல மாதுவால் முடியும், ஒரு மாமியாலும் முடியும்.

ஆனால் உடலுக்குரிய கடிகாரம் காத்திருப்பதில்லை. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கப்பட வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கு உச்ச எல்லை 120 மணித்தியாலங்கள், முந்தினால் பலன் அதிகம். இலங்கையில் இரண்டாவது எல்லைக்குத் தனிப் பாரதூரம் உண்டு. தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறெதற்கும் கருக்கலைப்பைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. வல்லுறவினால் நேர்ந்த கருவும் இதற்கு விலக்கல்ல. 1995 இல் விலக்களிக்க எடுக்கப்பட்ட முயற்சி கைவிடப்பட்டது, 2017 இன் முயற்சியும் எதிர்ப்பினால் நின்றது. ஆகவே ஆலங்குடாவில் ஒரு தாய் தன் மகளை நோக்கி ‘வாயை மூடிக்கொண்டிரு, ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்’ என்று சொல்லி ஐந்து நாட்களைக் கழிப்பாளாயின், அந்த ஐந்து நாட்களின் விலையை மகள் ஆயுள் முழுவதும் செலுத்த நேரிடலாம். மனத்துக்குரிய முதலுதவியும் உடலுக்குரிய முதலுதவியும் பிரிக்க முடியாதவையாவது இவ்விடத்தில்தான். தாய் கோபிக்காமல் கேட்டால்தான் மகள் வைத்தியசாலைக்குப் போவாள்.

தாய் சொல்லும் அந்த ‘மானம்’ எங்கிருந்து வந்தது? பத்திரிகைக்காரனாகிய நான் இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன். தமிழ்ப் பத்திரிகைகள் பல தசாப்தங்களாக இக்குற்றத்துக்குக் ‘கற்பழிப்பு’ என்று பெயரிட்டன. குற்றம் செய்தவன் ஒருவன், அழிந்தது பெண்ணின் கற்பு! ஒரே சொல்லில் விசாரணையும் தீர்ப்பும் முடிந்துவிடுகின்றன. டாக்காவில் புகழ்ச்சொல் செய்த வேலையை இங்கே இகழ்ச்சொல் செய்தது. பெண்ணியவாதிகளின் இடையறாத வற்புறுத்தலால் இலங்கைத் தமிழ் ஏடுகளில் ‘பாலியல் வல்லுறவு’ இடம்பிடித்தது. பலரும் இதை மொழித்திருத்தமாகவே எண்ணுகின்றனர். என்னைக் கேட்டால் இதுவும் ஒரு சிகிச்சை. காலைப் பத்திரிகையில் தன்னைப் பற்றிய செய்தியைப் படிக்கும் பெண்ணுக்கு, தான் அழிந்துவிட்டதாக அது சொல்லவில்லை.

புத்தளத்தில் மாற்றம் வெளியிலிருந்து வந்த நிபுணர்களால் அல்ல, அகதிப் பெண்களாலேயே வந்தது. கொழும்பில் 1991 இல் இடம்பெயர்ந்த பெண்களுக்காகத் தொடங்கி 1993 இல் மட்டக்களப்புக்குச் சென்ற சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் கிழக்கில் செய்ததைப் போன்ற பணியை, புத்தளத்தில் முஸ்லிம் பெண்கள் அபிவிருத்தி நம்பிக்கை நிறுவனம் கையில் எடுத்தது. அதை வழிநடத்திய ஜுவைரியா மொஹிதீன் 1990 இல் வெளியேற்றப்பட்டவர்களுள் ஒருவர். குடும்ப வன்முறை, இளவயதுத் திருமணம், காதி நீதிமன்றங்களில் பெண்களுக்கு நேரும் அநீதி ஆகியவற்றைப் பற்றி, எதிர்ப்புகளுக்கிடையிலும் அவர்கள் பேசினார்கள். இவற்றுக்கும் நமது விடயத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இழைக்கப்பட்ட குற்றத்தைக் குற்றவாளிக்கே மணம் முடித்து வைத்து ‘சமாதானம்’ செய்வது எந்த ஒரு சமூகத்துக்கும் தனியுரிமையான வழக்கமன்று. சிங்கள, தமிழ், முஸ்லிம் ஊர்கள் மூன்றிலும் இது நடந்திருக்கிறது. அந்தச் சமாதானத்தில் பிள்ளையின் சமாதானம் எங்கே என்று உள்ளூரிலிருந்தே கேட்கப் பெண்கள் வேண்டியிருந்தார்கள்.

அரசின் பக்கத்தில், வைத்தியசாலைகளுக்குள் வன்முறைக்குள்ளான பெண்களுக்கான ‘மித்துரு பியச’ நிலையம் 2007 இல் மாத்தறையில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. தமிழில் அதற்கு ‘நட்பு நிலையம்’ என்று பெயர். வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்வதுபோல் ஒரு பெண் அங்கே சென்று பேசலாம், பொலிஸ் முறைப்பாடு செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பின்னர் இத்தகைய நிலையங்கள் நாட்டின் பல வைத்தியசாலைகளுக்கும் விரிந்தன. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டம் 2015 இல் வந்து, 2023 இல் புதிய சட்டத்தால் மாற்றீடு செய்யப்பட்டது. காகிதத்தில் குறையில்லை. ஆனால் பொலிஸ் நிலையம், வைத்தியசாலை, சட்ட வைத்திய அதிகாரி, நீதவான் நீதிமன்றம், ஆண்டுகள் கழித்து மேல் நீதிமன்றம் என்று ஒரே கதையைச் சொல்ல வைக்கும் பாதை அப்படியேதான் இருக்கிறது. கூடச் செல்ல ஒரு பெண் இருந்தால் அப்பாதை சற்றுக் குறுகும். இல்லாவிட்டால் பலர் இரண்டாவது வாசலோடு திரும்பிவிடுகின்றனர்.

போர் முடிந்த 2009 க்குப் பின்னர் சிலர் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பினர், பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டனர். கிடுகுக் குடில்கள் இருந்த இடங்களில் கல்வீடுகள் வந்துள்ளன, கதவுகளுக்குப் பூட்டும் இருக்கிறது. பெண்களுக்கான 1938 என்ற அரசாங்கத் தொலைபேசி இலக்கத்தை ஆலங்குடாவிலிருந்தும் அழைக்கலாம். ஆயினும் தொலைபேசி பெரும்பாலும் கணவனிடமோ சகோதரனிடமோ இருக்கும் வீடுகள் அங்கே குறைவல்ல. அவ்வீடுகளின் உள்ளறை வரை யாருடைய அனுமதியும் கேளாமல் செல்லக்கூடிய அரச ஊழியர் ஒருவர்தான் உண்டு. கர்ப்பிணிகளைப் பார்க்கவும் குழந்தைகளை நிறுக்கவும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மணலில் நடந்து வரும் குடும்பநல மாது அவர். அவருடைய பையில் அந்த அவசர மாத்திரையும், அவருடைய பயிற்சியில் அந்த முதல் ஐந்து நிமிட உரையாடலும் இருக்கின்றனவா என்பதைச் சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்க வேண்டிய பொறுப்பு அப்பிரதேசச் செய்தியாளர்களுக்கு உண்டு.